கிள்ளான் கடலில் நின்ற கப்பல்

கிள்ளான் துறைமுகம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது புலாவ் கெத்தாம் என்கிற நண்டுத் தீவுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறினால், கடைசி நிலையத்தில் இறங்கிச் சில எட்டுகளில் படகுத்துறைக்குப் போய்விடலாம். தீவில் கடலுணவு சாப்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். கோலாலம்பூர்க்காரர்கள் கடலைப் பார்க்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

கொஞ்சம் மூத்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்களுக்கு இது போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-ல் திறக்கப்பட்டு, 1972-ல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய இடம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ரஜுலா கப்பல் பினாங்குக்கு அடுத்து நின்ற ஊர். தகரப்பெட்டியும் பாயுமாக நம் தாத்தா பாட்டிகள் கால் வைத்த கரை.

இந்த இரண்டு நினைவுகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கப்பல் இருக்கிறது. அது கரைக்கு வரவேயில்லை. 1978 நவம்பரில் ஏறத்தாழ 2,500 பேரைச் சுமந்துகொண்டு கிள்ளான் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அதன் பெயர் ஹை ஹோங். வியட்நாமிய அகதிகள் என்றால் திரெங்கானுவின் பீடோங் தீவை மட்டும் நினைப்பவர்கள் இந்தக் கப்பலையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலக நாடுகள் அகதிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட விதத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது நம் கிள்ளானில்தான்.

அந்தக் கதையின் தடம் துறைமுகத்தில் தொடங்கி, சுபாங், சுங்கை பெசி வழியாகப் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய ஒரு குன்றில் வந்து முடிகிறது. ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம்.

படகுத்துறையில்

கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் மெதுவாகத்தான் போகும். பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளான் வந்ததும் பெட்டி பாதி காலியாகிவிடும். தெங்கு கிளானா சாலையில் புடவையும் பூவும் வாங்கப் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தெலுக் பூலாய், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தம் எனச் சின்னச் சின்ன நிலையங்கள். கடைசியில் பெலாபுஹான் கிள்ளான்.

இறங்கியதும் உப்புக்காற்றும் டீசல் வாடையும் சேர்ந்து வரும். நீர் சேற்று நிறம். எதிரே சதுப்புநிலக் காடு மூடிய தீவுகள். அலையைத் தடுக்கும் அந்தத் தீவுகள் இருப்பதால்தான் இங்கே துறைமுகம் அமைந்தது. பழைய துறைமுகம் இப்போது சவுத்பாயிண்ட். பெரிய கொள்கலன் கப்பல்கள் நார்த்போர்ட்டுக்கும், புலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸுக்கும் போய்விடுகின்றன.

படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹை ஹோங் ஞாபகம் இருக்கிறதா ஐயா என்றேன்.

"இல்லாம என்ன தம்பி? ஆனா கண்ணால பாத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். அது வெளிக்கடல்ல நின்னுச்சு. எங்களுக்கு எல்லாம் பேப்பர் சேதிதான். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு, கைப்புள்ளைங்க, எறக்க மாட்டேங்கறாங்கன்னு வீட்ல எல்லாரும் அதையே பேசிக்கிட்டு இருந்தாங்க. எங்கப்பா மட்டும் ஒண்ணும் பேசல."

ஏன் என்று கேட்டேன்.

"அறுபத்தொம்போதுக்கு அப்பறம் எங்க தோட்டத்துல பாதிப் பேரு ஊருக்குக் கப்பல் ஏறிட்டாங்க தம்பி. குடியுரிமை இல்ல. வேலை பெர்மிட்டும் கெடைக்கல. அவங்கள வழியனுப்ப வந்தவரு எங்கப்பா. பேப்பர் இல்லாதவன் கதை அவருக்குத் தெரியும்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சரக்குக் கப்பலில் மனிதர்கள்

ஹை ஹோங் ஏறத்தாழ 1,500 டன் எடையுள்ள ஒரு பழைய சரக்குக் கப்பல். உடைத்துப் பழைய இரும்புக்கு விற்கும் நிலையில் இருந்த அதை ஒரு வியாபாரக் கூட்டம் வாங்கி, வியட்நாம் கடற்கரைக்கு அனுப்பி ஆட்களை ஏற்றியது. வந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியச் சீனர்கள். 1978 மார்ச்சில் தென் வியட்நாமில் தனியார் வணிகத்துக்கு அரசு தடை போட்டதும் கடையையும் தொழிலையும் இழந்தவர்கள். தலைக்கு இவ்வளவு என்று தங்கமாகக் கொடுத்துத்தான் கப்பலில் இடம் பிடித்தார்கள்.

1978 நவம்பர் 9-ம் தேதி கப்பல் கிள்ளானுக்கு வந்து நின்றது. மலேசிய அரசு ஆட்களை இறக்க மறுத்தது. காசு கொடுத்துக் கப்பல் ஏறியவர்கள் அகதிகள் ஆக மாட்டார்கள், இது ஆள் கடத்தல் வியாபாரம் என்பது அரசின் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரு கப்பலை இறக்கவிட்டால் பின்னாலேயே பத்துக் கப்பல் வரும் என்ற பயமும் இருந்தது.

அப்போது கோலாலம்பூரில் ஐநா அகதிகள் ஆணையத்தின் பிரதிநிதியாக இருந்தவர் ராஜகோபாலம் சம்பத்குமார். பெயரே சொல்லும், நம் பக்கத்துப் பெயர். கப்பலில் இருப்பவர்கள் ஆணையத்தின் பொறுப்புக்கு உட்பட்ட அகதிகளே என்ற நிலையை ஆணையம் எடுத்தது. பயணத்துக்குக் காசு கொடுத்தார்களா என்பது கேள்வியே இல்லை, திரும்பிப் போனால் அவர்களுக்கு என்ன நேரும் என்பதுதான் கேள்வி. இன்று கேட்கும்போது சாதாரணமாகத் தெரிகிறது. அன்று அதற்காக வாதாட வேண்டியிருந்தது.

முடிச்சை அவிழ்த்தது வெளியிலிருந்து வந்த அறிவிப்புகள். கனடா 600 பேரை ஏற்பதாகச் சொன்னது. அதில் ஒரு பங்கைக் கியூபெக் மாநிலம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மேற்கு ஜெர்மனியில் லோயர் சாக்சனி மாநிலத்தின் முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெஃக்ட் 1,000 பேரைத் தன் மாநிலத்துக்கு அழைத்தார். பிரான்ஸ், அமெரிக்கா முதலிய நாடுகளும் பங்கெடுத்தன. ஒரு நாடு மொத்தச் சுமையையும் தூக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மலேசியா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. ஏற்கும் நாடு உறுதி சொன்னவர்களை மட்டும் கப்பலிலிருந்து இறக்கலாம். இறங்கியவர்கள் ஊருக்குள் தங்கக்கூடாது, நேராக விமானம் ஏற வேண்டும். கனடிய அதிகாரிகள் கடலுக்கே போய், கப்பலில் இருந்தவர்களை விசாரித்து ஆவணம் தயாரித்தார்கள். நவம்பர் முடிவதற்குள் முதல் விமானம் மொன்றியால் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் தொடக்கத்தில் முதல் கூட்டம் ஹனோவரில் இறங்கியது. கிள்ளானின் வெயிலில் கப்பல் தட்டில் படுத்துக் கிடந்தவர்கள் சில நாட்களில் பனியில் நின்றார்கள்.

அதே நவம்பரில் கிழக்குக் கரையில் நடந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. கோல திரெங்கானுவுக்கு அருகே, கரையேற விடாமல் தடுக்கப்பட்ட ஒரு சிறு படகு கவிழ்ந்து ஏறத்தாழ 200 பேர் மூழ்கிப் போனார்கள். பெரிய கப்பலை உலகப் பத்திரிகைகள் படம் பிடித்தன. சிறிய படகுகளுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

சுபாங்: கதவு எங்கே திறக்கிறது?

துறைமுகத்திலிருந்து திரும்பும் வழியில் சுபாங். இன்றைய தலைமுறைக்கு இது உள்ளூர் விமானங்கள் வந்துபோகும் சின்ன விமான நிலையம். 1965 முதல் 1998-ல் சிப்பாங் விமான நிலையம் வரும் வரை இதுதான் நாட்டின் தலைவாசல். நம் வீடுகளில் மேல்படிப்புக்குப் போன பிள்ளைகளை மாலை போட்டு வழியனுப்பிய படங்கள் எல்லாம் இங்கே எடுத்தவைதான். அந்த ஆண்டுகளில் அதே நிலையத்தில், கையில் ஒரு பையும் கழுத்தில் ஓர் அட்டையுமாக, வரிசை வரிசையாக விமானம் ஏறியவர்கள் இவர்கள்.

மலேசியாவுக்கு வியட்நாமிய அகதிகளின் முதல் படகு வந்தது 1975 மே மாதம். அதில் 47 பேர் இருந்தார்கள். 1978 ஆகஸ்டில் திரெங்கானுவின் பீடோங் தீவு முகாமாக மாறியது. 1979 ஜூனில் அந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ 40,000 பேர். நம்மூர்ச் சிறு நகரம் ஒன்றை அள்ளி, ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவில், அதுவும் குன்று போக மிஞ்சிய கரையில் கொட்டியது போல. குடிநீர் கரையிலிருந்து படகில் வர வேண்டும்.

உள்ளே வருபவர்கள் அதிகம், வெளியே போகிறவர்கள் குறைவு. 1979 ஜூனில் மட்டும் இந்த வட்டாரத்துக் கரைகளில் 54,000 பேர் படகில் வந்து இறங்கினார்கள். எங்கள் பொறுமைக்கு எல்லை வந்துவிட்டது என்று ஆசியான் நாடுகள் கூட்டாகவே அறிவித்தன. அந்த ஆண்டின் முதல் பாதியில் மலேசியா 50,000-க்கும் மேற்பட்டோரைப் படகோடு கடலுக்குத் திருப்பி அனுப்பியது. கரையேற முயல்பவர்களைச் சுடச் சட்டம் வரும் என்று அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் மகாதீர் சொன்னதாக வந்த செய்தி உலகை உலுக்கியது. அப்படி எதுவும் நடக்காது என்று பிரதமர் உசேன் ஓன் மறுத்தார்.

ஜூலை 20, 21 தேதிகளில் ஜெனிவாவில் 65 நாடுகள் கூடின. ஹை ஹோங்கில் சிறிய அளவில் நடந்தது அங்கே பெரிய அளவில் நடந்தது. ஏற்கும் நாடுகள் கொடுப்பதாகச் சொன்ன இடங்கள் 1,25,000-லிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. அமெரிக்கா மாதம் 14,000 பேரை எடுப்பதாக ஒப்புக்கொண்டது. வியட்நாம், படகு ஏற்றி அனுப்பும் வியாபாரத்தைத் தடுப்பதாகவும், முறையான அனுமதியோடு மக்கள் விமானத்தில் வெளியேற வழி செய்வதாகவும் உறுதி சொன்னது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் தங்கள் பங்குக்குக் கரையைத் திறந்து வைத்தன. அடுத்த ஒன்றரை ஆண்டில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்று நாட்டு அகதிகளில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மலேசியா அகதிகள் தொடர்பான 1951-ம் ஆண்டு ஐநா உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாடு இல்லை. இன்றுவரை போடவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் வந்து தங்கிப் போனார்கள். சட்டம் செய்யாததை ஒரு பேச்சுவார்த்தை செய்தது. நீ இறக்கிக்கொள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்ற வாக்குத்தான் அதன் அச்சாணி. அந்த வாக்கு தளர்ந்தபோதெல்லாம் கரையில் மூங்கில் தடியோடு ஆட்கள் நின்றார்கள். வாக்கு உறுதியானபோது சோறும் பாயும் கிடைத்தன.

சுங்கை பெசி: போகும் வழியில் ஓர் ஊர்

சுங்கை பெசி என்றால் இரும்பு ஆறு. ஆனால் ஊர் வளர்ந்தது ஈயத்தால். ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாகி, ஏரிகளைச் சுற்றி இப்போது அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும். எல்ஆர்டி ரயிலும் எம்ஆர்டி ரயிலும் இங்கே சந்திக்கின்றன. வடக்கேயும் தெற்கேயும் பேருந்து பிடிக்கப் போகிறவர்கள் தினமும் இந்த வழியாகத்தான் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு விரைகிறார்கள். இந்த வட்டாரத்தில்தான் வேலி போட்ட அகதிகள் முகாம் ஒன்று 1996 வரை இருந்தது.

பீடோங்கில் அமெரிக்க, ஆஸ்திரேலிய, கனடிய, பிரெஞ்சு அதிகாரிகள் விசாரித்து ஏற்றுக்கொண்டவர்களைப் பேருந்தில் இங்கே கொண்டுவருவார்கள். மருத்துவச் சோதனை, காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே, தடுப்பூசி, பயண ஆவணம். நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், சிகிச்சை முடியும்வரை குடும்பமே காத்திருக்க வேண்டியதுதான். போகிற நாட்டின் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள வகுப்புகளும் நடந்தன. முகாம் வேலைகளில் மலேசியச் செம்பிறைச் சங்கம் முன்நின்றது. செலவுக்கான பணம் ஐநா அகதிகள் ஆணையத்தின் வழியாக உலக நாடுகளிடமிருந்து வந்தது. விமானப் பயணத்துக்கு இன்று ஐஓஎம் என்று அழைக்கப்படும் குடிபெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்தது.

முகாமில் ஆளுக்குப் பெயர் இருந்தாலும், அடையாளம் படகு எண்தான். ஒரே படகில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண். எந்த எண்ணுக்கு அழைப்பு வரும் என்று ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டே நாட்கள் போகும். பிறகு உலகத்தின் நாலு மூலைகளுக்குச் சிதறிய பின்னும் அந்த எண்ணைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். நம்மவர்கள் எந்தத் தோட்டம் என்று கேட்டு உறவு கண்டுபிடிப்பது போலத்தான்.

போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதும் முக்கியம். கனடாவில் அரசு மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்குப் பொறுப்பேற்கலாம் என்று சட்டம் வழி கொடுத்தது. தேவாலயங்கள், அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள் சேர்ந்து வீடு பிடித்தார்கள், குளிருடை வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். 1979, 1980 இரண்டு ஆண்டுகளில் அங்கே போன இந்தோசீன அகதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 1986-ல் ஐநாவின் நான்சன் விருது கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் சேர்த்து அந்த விருது கொடுக்கப்பட்டது அப்போதுதான்.

அதே 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. உள்ளே 155 பேர், எல்லோரும் ஈழத்தமிழர்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். கனடா அவர்களைத் தங்க அனுமதித்தது. இன்று டொரொண்டோவில் நாம் பார்க்கும் பெரிய தமிழ்ச் சமூகத்தின் கதையில் அந்தப் படகுகளுக்கு ஓர் இடம் உண்டு. படகில் வருபவர்களை எப்படி வரவேற்பது என்று கனடியர்கள் பழகிக்கொண்டதில் கிள்ளான் கடலில் நின்ற கப்பலுக்கும் பங்கு இருக்கிறது.

கோலாலம்பூரில் எழுதிய திட்டம்

1980-களின் கடைசியில் படகுகள் மறுபடியும் கூடின. ஏற்கும் நாடுகள் களைத்திருந்தன. வருபவர்களில் பலர் பிழைப்புத் தேடி வருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. 1989 மார்ச்சில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கோலாலம்பூரில் கூடிப் புதிய திட்டத்தின் வரைவுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஜூனில் ஜெனிவா மாநாடு அதை ஏற்றது. விரிவான செயல் திட்டம் என்று அதற்குப் பெயர்.

அதன்படி 1989 மார்ச் 14-ம் தேதிக்கு முன் மலேசியாவுக்கு வந்தவர்களுக்கு மூன்றாம் நாடு உறுதி. அதற்குப் பின் வந்தவர்கள் தாங்கள் அகதி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர்கள் வியட்நாமுக்குத் திரும்ப வேண்டும். நாட்காட்டியில் ஒரு தேதி. காற்று சாதகமாக அடித்ததால் முந்தைய நாள் வந்த படகுக்கு ஒரு வாழ்க்கை, எந்திரம் பழுதாகிப் பிந்தி வந்த படகுக்கு வேறு வாழ்க்கை.

1991 அக்டோபரில் பீடோங் மூடப்பட்டது. மிஞ்சியவர்கள் சுங்கை பெசிக்கு வந்தார்கள். போகும் வழியாக இருந்த முகாம், போக்கிடம் இல்லாதவர்களின் முகாமாக மாறியது. 1996 ஜனவரியில் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து உள்ளே பெரும் கலவரம் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் முகாமின் கதவு மூடப்பட்டது. மலேசியாவில் தங்கியிருந்த கடைசி வியட்நாமிய அகதி 2005 ஆகஸ்டில் ஊர் திரும்பினார்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் வருத்தத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1975 முதல் 1995 வரை ஏறத்தாழ 8 லட்சம் வியட்நாமியர்கள் படகில் இந்த வட்டாரத்துக் கரைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு நாட்டில் வீடு கிடைத்தது. நம் காலத்தில் இத்தனை அகதிகளுக்கு இத்தனை நாடுகள் கூடி உட்கார்ந்து இடம் ஒதுக்கிய உதாரணம் மிக அரிது. இலங்கைப் போரில் வீடிழந்த தமிழர்களுக்கு மறுகுடியேற்றத்துக்கென அப்படி ஒரு மாநாடு கூடவில்லை. 1983 முதல் மண்டபத்தில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்கு விடிவு கிடைப்பதும் கிடைக்காததும் அவர் பட்ட துன்பத்தின் அளவைப் பொறுத்து அமைவதில்லை என்பது இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

பிரிக்பீல்ட்ஸுக்கு மேலே

பிரிக்பீல்ட்ஸை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, ரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த இடம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்தவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஸ்கோட் சாலையில் நிற்கிறது. சிங்கள பௌத்தர்கள் கட்டிய மகா விகாரையும் பக்கத்திலேயே இருக்கிறது. வந்தவர்கள் சேர்ந்து கட்டிய பேட்டை இது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கட்டுபவர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர் என இன்றும் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தான்.

இங்கிருந்து சையது புத்ரா சாலையைத் தாண்டினால், பழைய அரண்மனைப் பக்கம் புக்கிட் பெட்டாலிங் குன்று. அங்கேதான் ஐநா அகதிகள் ஆணையத்தின் மலேசிய அலுவலகம் இருக்கிறது. 1975-ல் வியட்நாமியர்களுக்காகவே இந்த நாட்டில் வேலை தொடங்கிய ஆணையம், அவர்கள் போன பிறகும் மூட முடியாமல் இருக்கிறது. 2024-ல் அதன் பதிவேட்டில் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள்: ரோஹிங்கியாக்கள், சின் இனத்தவர், மற்றவர்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

வியட்நாமியர்களுக்குத் தீவும் வேலியும் இருந்தன, ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு விமானமும் இருந்தது. இன்றைய அகதிகளுக்கு முகாம் இல்லை. செலாயாங்கிலும் அம்பாங்கிலும் பூடுவிலும் வாடகை அறைகளில் நம்மோடுதான் இருக்கிறார்கள். வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இல்லை, ஆனால் வேலை செய்துதான் வயிறு கழுவ வேண்டும். பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தாங்களே நடத்தும் கற்றல் மையங்களில் படிக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் ஆணையத்தின் அட்டையைக் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. மூன்றாம் நாடுகள் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மற்றவர்கள் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று காத்திருக்கிறார்கள்.

நான் போனபோது அலுவலகத்துக்குப் போகும் சாலையோரம் ஓர் இளம்பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள். உறையின் ஓரம் நைந்திருந்தது. பல முறை எடுத்துக் காட்டி, பல முறை திருப்பி வைத்த காகிதங்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

கிள்ளானில் அந்தக் கப்பல் நின்ற இடத்துக்கு அடையாளம் எதுவும் இல்லை. கடலில் யார் கல் நடுவது? சுங்கை பெசியிலும் என் கண்ணில் எதுவும் படவில்லை. பீடோங்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் திரெங்கானுவின் மேராங்கிலிருந்து படகில் போகலாம். பழைய முகாமில் இருந்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாடுகளிலிருந்து அங்கே வந்து போகிறார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள். மலேசியா என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இரட்டைக் கோபுரமா, கால் வைக்க இடம் கொடுத்த மணலா என்று கேளுங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து, புக்கிட் பெட்டாலிங் சாலையோரம் தோளில் கிடந்த அந்தக் குழந்தையிடமும் யாராவது இதே கேள்வியைக் கேட்கக்கூடும்.